பள்ளித் தோட்டமா? புகைப்படத் தோட்டமா?



இன்றைய இடுகையைப் படித்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். என் நண்பர்களே என்னிடம் பேசாமல் போகவும் கூடும். ஆயினும், பல நாளாக நெஞ்சில் கிடப்பதை இனியும் எழுதாமல் இருப்பது முறையன்று.

நம் பள்ளிகள் பலவற்றில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. அதற்கு அழகான பெயர்ப்பலகை இருக்கிறது. தோட்டக் குழு இருக்கிறது; குழுவுக்கு ஒரு கோப்பும் இருக்கிறது. மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் நெகிழிப் பைகளில் வரிசை பிசகாமல் நிற்கின்றன. மகிழ்ச்சியே! ஆனால், ஒரேயொரு கேள்வி. அந்தச் செடிகளுள் எத்தனை அந்தப் பள்ளியின் பிள்ளைகள் விதையிட்டு முளைக்க வைத்தவை?

கடையில் நாற்று வாங்கி வந்து, ஒரு காலைப்பொழுதில் நட்டு, படம் எடுத்து, அறிக்கை எழுதி முடிப்பதற்குத் 'தோட்டக்கலைக் கல்வி' என்று பெயர் சூட்டுவதை நாம் நிறுத்த வேண்டும். இதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

முதலில் என் குற்றம்

பிறரைச் சுட்டுமுன் என்னைச் சுட்டிக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் பணியாற்றிய பள்ளிக்கு ஒரு குழுவினர் வருகை தருவதாக இருந்தது. பள்ளித் தோட்டமோ புல் மண்டிக் கிடந்தது. வருகைக்கு இரண்டு நாள் முன்பு, நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து மிளகாய்ச் செடி 80 வாங்கினோம். ஒன்று 2 ரிங்கிட். ஆக 160 ரிங்கிட். என் மகிழுந்தின் பின்னிருக்கையை மடக்கி, அவற்றை ஏற்றி வந்தவன் நானேதான். ஒவ்வொரு பையிலும் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரின் பெயரெழுதிய அட்டையைச் செருகினோம். அதோடு நிற்கவில்லை. "செடிக்கு எத்தனை வயது என்று கேட்டால், ஆறு வாரம் என்று சொல்லுங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

வந்தவர்களுள் ஒருவர் உண்மையிலேயே செடிகளை விரும்புகிறவர். ஒரு மாணவியின் அருகில் குனிந்து, "எத்தனை வாரத்துச் செடி?" என்று கேட்டார். "ஆறு வாரம், ஐயா." "அப்படியா! முதன்முதலில் வந்த இலை எப்படி இருந்தது?" அந்தப் பிள்ளை விடை சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். நான் இடையில் புகுந்து எதையோ சொல்லிச் சமாளித்தேன். எல்லாரும் சிரித்தபடி நகர்ந்தோம். படம் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவி என் மேசையருகே வந்து கேட்டாள்: "ஐயா, முதல்ல வர்ற இலை வேற மாதிரி இருக்குமா?"

நண்பர்களே, அந்தக் கேள்வியை என்னால் இன்றளவும் மறக்க இயலவில்லை. அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அறிந்துகொள்ள விரும்பினாள், அவ்வளவே! அறியும் ஆவல் அவளிடம் இருந்தது. அதற்கு வேண்டிய ஆறு வாரத்தை நான்தான் 160 ரிங்கிட்டுக்கு விற்றுவிட்டேன். அதற்கு ஈடாக, ஒரு பொய்யைக் கோவையாகச் சொல்லும் பயிற்சியை அவளுக்கு அளித்தேன்.

அந்த ஆறு வாரத்தில் என்னதான் இருக்கிறது?

"நாற்றைக் கடையில் வாங்கினால் என்ன? அதன்பின் நீர் ஊற்றுவதும் உரமிடுவதும் பிள்ளைகள்தாமே?" என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி. விடை கூறுகிறேன்.

மிளகாய் விதை முளைக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். முதலில் மேலே வருவது வளைந்த தண்டு. பிறகு அது நிமிர்ந்து, இரண்டு வித்திலைகளை விரிக்கும். அவை ஒடுங்கி நீண்டவை. நாம் அறிந்த மிளகாய் இலையைப் போன்று இரா. ஏறத்தாழ ஒரு வாரம் சென்றபின் அவற்றின் நடுவிலிருந்து மெய்யான இலைகள் வரத் தொடங்கும். நான்கைந்து மெய்யிலைகள் வந்து, தண்டு உறுதிப்படும்போது நாற்று நடவுக்கு ஆயத்தமாகிறது. விதையிட்டதிலிருந்து நான்கைந்து வாரம், சில வேளை ஆறு வாரம். கத்தரிக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. தக்காளி சற்று விரைவு. மூன்று நான்கு வாரம் போதும். சாவிக் கீரையோ மூன்று நான்கு நாளில் முளைத்து, இரண்டு வாரத்திற்குள் நடவுக்கு வந்துவிடும்.

செடியின் வாழ்வில் மிக விரைவான மாற்றங்கள் நிகழும் காலம் இதுதான். ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு எழுதவும் வரையவும் ஏதேனும் ஒன்று இருக்கும். நட்டபின் முதற்காய் பறிக்க மேலும் இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். அந்தக் காலத்தில் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குச் செடி நாள்தோறும் ஒன்றுபோலவே தெரியும். அதாவது, நாம் பாடத்தை வெட்டி எறிந்துவிட்டுக் காத்திருத்தலை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செடியில் ஆர்வமே இல்லை" என்று குறையும் கூறுகிறோம்!

இதில் கணக்குப் பாடம் எங்கே என்பீர்களா? இதோ. நம் நாட்டு நாற்றுப் பண்ணைகளில் பரவலாகக் காணப்படும் நாற்றுத் தட்டில் 104 குழிகள் உண்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று. பள்ளிக்கு வேண்டிய செடி 60 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 20 விதைகளை ஈரத்தாளில் மடித்து வைத்துச் சோதிக்கிறோம். 16 முளைத்தால் முளைப்புத்திறன் 80 விழுக்காடு. முளைத்தவற்றுள் பத்தில் ஒன்று இறந்துபோகும் என்று கொண்டால், 60 செடி நிற்க 67 முளை வேண்டும். 67 முளை எழ 84 விதை வேண்டும். தட்டில் மிஞ்சுவது 20 குழி. ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு விழுக்காட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி நூல் விளக்கிவிடும்? பயிற்சி நூலில் விடை தவறினால் சிவப்புக் கோடு. இங்கே விடை தவறினால் ஒரு வரிசைப் பை வெறுமையாக நிற்கும். பிள்ளை அதை ஒருபோதும் மறக்காது.

தமிழாசிரியன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்ல வேண்டும். நெல்லுக்கு நாற்று, வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி என்று இளமைப் பெயர்களை மனனம் செய்ய வைக்கிறோம். கன்று, பிள்ளை முதலிய பெயர்கள் ஓரறிவுயிர்களுக்கும் பொருந்தும் என்றும், நெல்லும் புல்லும் அவற்றுக்கு உடன்படா என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டுகிறது. செடியை உற்றுப் பார்த்த மக்களின் மொழி இது! ஆனால், நம் பிள்ளைகளோ முளை, வித்து, தளிர், கொழுந்து, நாற்று ஆகிய சொற்களைத் தேர்வுத் தாளில் மட்டுமே சந்திக்கிறார்கள். கையில் பொருள் இல்லாத சொல் எத்தனை நாள் நாவில் நிற்கும்?

குளிர்நாட்டுப் பாடத்தை இங்கே ஒட்ட வேண்டாம்

சரி, நாற்று வளர்ப்போம் என்று முன்வரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுகிறேன். ஆயினும், அவர்களுள் பலர் செய்யும் ஒரு பிழையையும் குறிப்பிட்டாக வேண்டும்.

'வீட்டுக்குள் நாற்று வளர்த்தல்' என்று இணையத்தில் தேடினால் வந்து குவியும் காணொளிகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவை. அங்கே பனிக்காலம் முடியுமுன் வெளியில் விதைக்க முடியாது. ஆதலால், கடைசி உறைபனி எந்த நாளில் விழும் என்று பார்த்து, அதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி, வீட்டுக்குள் விதையிடுகிறார்கள். சூடேற்றும் விரிப்பு, நாளுக்குப் பதினான்கு மணிநேரம் எரியும் விளக்கு எல்லாம் அவர்களுக்குத் தேவை. சிறுபண்ணை உழவருக்கு அங்கே பருவம் குறுகியது. வீட்டுக்குள் தொடங்கினால்தான் தக்காளி பழுக்கும்.

நமக்கு ஏன் அந்த விரிப்பு? மிளகாய் விதை நன்கு முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். நம் தாழ்நிலத்தில் அது விலையின்றிக் கிடைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணிநேரப் பகலும் உண்டு. அப்படியிருந்தும் நமக்கும் ஒரு கூரை வேண்டும்தான். காரணம் வேறு. நம் மழை விதையையே குழியிலிருந்து தெறிக்க வைக்கும். நண்பகல் வெயில் சிறுகுழி மண்ணை மூன்று மணிநேரத்தில் உலர்த்திவிடும். நத்தையும் எறும்பும் மற்றதை முடித்துவைக்கும்.

எனவே, நமக்கு வேண்டியது கூரை, இருட்டன்று!

இங்கேதான் வகுப்பறை நாற்றுகள் மடிகின்றன. பிள்ளைகள் கண்முன் இருக்கட்டும் என்று ஆசிரியர் தட்டைப் புத்தக அலமாரியின்மேல் வைக்கிறார். அறை வெளிச்சமாகத்தான் தெரிகிறது. ஆனால், நம் கண் குறைந்த ஒளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வது; செடிக்கு அந்த வித்தை தெரியாது. சன்னலிலிருந்து சில அடி உள்ளே போனாலே ஒளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முளை ஒளியைத் தேடி நீள்கிறது. வெளிறி, நூல்போல் இழுத்து, சன்னல் பக்கம் சாய்கிறது. "ஆகா, எவ்வளவு வேகமாக வளர்கிறது!" என்று வகுப்பே கைதட்டுகிறது. அடுத்த வாரம் அத்தனையும் படுத்துவிடுகின்றன.

பச்சைப் பயற்றைப் பஞ்சில் முளைக்க வைக்கும் சோதனையை நாம் எல்லாரும் செய்திருக்கிறோம். அலமாரிக்குள் வைத்த பயறு வெளியில் வைத்ததைவிட உயரமாக வளரும். பயற்றின் பருத்த வித்திலைகளில் உணவு நிறைய இருக்கிறது. சில நாள் இருட்டிலும் தாக்குப்பிடிக்கும். அதைக் கண்ட பிள்ளை, 'இருட்டில் செடி நன்கு வளரும்' என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுகிறது. அதைத் திருத்த வேண்டிய நாமோ அங்கேயே சோதனையை முடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறோம்! மிளகாய் விதையில் அத்தகைய சேமிப்பு மிகக் குறைவு. முளைத்த நாளிலேயே அதற்கு ஒளி வேண்டும். மேலே மிஞ்சிய 20 குழி இதற்குத்தான். அவற்றுள் பத்தை வெட்டியெடுத்து அலமாரிக்குள் வையுங்கள். பத்தைத் தாழ்வாரத்தில் வையுங்கள். மூன்று வாரம் பொறுத்திருங்கள். பிள்ளைகளே பேசுவார்கள்.

இரண்டாவது பிழை, நீர். பொறுப்பு மாணவர் ஐவர் என்றால் ஐவரும் ஊற்றுவார்கள். அன்பினால்தான்! ஆனால், சதசதவென்ற மண்ணில் நாற்றழுகல் நோய் வரும். பித்தியம், ரைசோக்டோனியா முதலிய நோய்க்கிருமிகள் மண்மட்டத்தில் தண்டைத் தாக்கும். நேற்று நின்ற நாற்று இன்று அடியில் நைந்து சாய்ந்து கிடக்கும். நாற்று நெருக்கமாக இருந்தாலும், காற்றோட்டம் இல்லாவிட்டாலும், மாலையில் நீரூற்றி இரவெல்லாம் ஈரமாக விட்டாலும் இந்நோய் விரைவாகப் பரவும். வந்தபின் மருந்தைத் தேடுவதைவிட வருமுன் காப்பதே எளிது. பழைய மண்ணைத் தவிர்த்துத் தூய தேங்காய் நார்த்தூள் அல்லது பீட் மாஸ் கலவையைப் பயன்படுத்துங்கள். காலையில் ஒருமுறை அளவாக நீர் விடுங்கள். மேல்மண் சற்று உலர்ந்த பிறகே அடுத்த முறை.

மூன்றாவது, வெயிலுக்குப் பழக்காமை. நிழலில் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் நடுவெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் ஒரு மணிநேரக் காலை வெயில், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்கிய பிறகே நட வேண்டும்.

எல்லாக் காய்கறிக்கும் தட்டு தேவை என்றும் எண்ண வேண்டாம். வெண்டை, பயற்றங்காய், கங்கோங் ஆகியவற்றை நேரே மண்ணில் ஊன்றுவதே நல்லது. எதை நாற்று விட வேண்டும், எதை நேரே விதைக்க வேண்டும் என்று அறிவதும் பாடமே.

நாள்காட்டியை யார் எழுதுவது?

குளிர்நாட்டு உழவர் உறைபனியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார் என்றேன். நாம் எதிலிருந்து எண்ணுவது? மழையிலிருந்தும் பள்ளி விடுமுறையிலிருந்தும்!

கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு சொகூர் பகுதிகளில் நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை கொட்டும். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை மிகும். மென்மையான நாற்றை அந்த வாரங்களில் வெட்டவெளியில் நட்டால் மழையே அதை மண்ணோடு படுக்க வைத்துவிடும். நம் பள்ளித் தவணை தொடங்கும் மாதமோ அண்மை ஆண்டுகளில் மாறிமாறி வந்தது. ஆகவே, யாரோ எழுதிய பழைய அட்டவணையை எடுத்து ஒட்டினால் பயனில்லை. உங்கள் மாவட்டத்து மழையையும் உங்கள் பள்ளித் தவணையையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளே எண்ண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, விடுமுறை முடிந்த முதல் வாரம் மிளகாய் விதையிட்டால், ஐந்தாம் வாரம் வெயிலுக்குப் பழக்கி, ஆறாம் வாரம் நடலாம். முதற்காய் அடுத்த தவணையில்தான் வரும். அதுவரை பிள்ளைகளின் ஆர்வம் தளராதிருக்க, அதே வாரம் ஒரு சிறு தட்டில் சாவியும் விதையுங்கள். அதை ஆறு வாரத்திற்குள் அறுக்கலாம்.

"படிக்க அனுப்பினோம், மண்ணைக் கிண்ட அல்ல!"

இப்பொழுது பெற்றோரிடம் வருகிறேன்.

நான் திருந்தி, மாணவர்களைக் கொண்டே நாற்று விடத் தொடங்கிய ஆண்டில், ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, எங்க அம்மா அப்பா தோட்டத்துல கஷ்டப்பட்டது போதும். என் பிள்ள படிக்கத்தான் பள்ளிக்கூடம் வருது. மண்ணு கிண்ட இல்ல" என்றார். குரலில் சினத்தைவிட வலியே மிகுந்திருந்தது.

அந்த வலியை நான் இழிவாக எண்ணவில்லை. நானும் லயத்து வீட்டிலிருந்து வந்தவன்தான். இருள் பிரியுமுன் பால்மரத்துக்குப் போன கைகள்தாம் என்னையும் படிக்க வைத்தன. ஆயினும், அம்மா, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் பெற்றோரை வருத்தியது மண்ணா? பிறருடைய மரத்தைப் பிறருடைய கணக்குக்குச் சீவியதும், குறைந்த கூலியும், நமக்கென்று ஓரடி நிலமும் இல்லாமையும்தானே?

லயத்தின் பின்புறம் இருந்த சிறு கொல்லையை நினைவுகூருங்கள். அங்கே இருந்த கத்தரி யாருடையது? முருங்கையும் கறிவேப்பிலையும் யாருடையவை? என் பாட்டி முற்றிய கத்தரிக்காயின் விதையைக் கழுவி உலர்த்தி, சாம்பலில் புரட்டி முடிந்து வைப்பார். துளையிட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் விதைத்து, மேலே தென்னங்கீற்றைச் சாய்த்து வைப்பார். முளை வந்ததும் கீற்றை நாளுக்கு நாள் விலக்குவார். வெயிலுக்குப் பழக்குதல் என்று நான் மேலே எழுதினேனே, அதை எந்த நூலிலும் படிக்காமல் அவர் செய்தார். எழுத்தறியாத அவர், எத்தனை நாளில் எது முளைக்கும் என்று விரல்விட்டு எண்ணுவார். மாதக் கடைசியில் கூலி தீர்ந்த வீட்டில், குழம்புச் சட்டியை நிரப்பியது அந்தத் தகரம்தான்.

1974ஆம் ஆண்டு, துன் அப்துல் ரசாக் காலத்தில், வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடும்படி 'புக்கு ஹிஜாவ்' என்னும் பசுமைப் புத்தகத் திட்டம் மக்களை அழைத்தது. நம் பாட்டிமார்க்கு அது புதுப்பாடமாக இருந்திருக்காது. அன்று நம் மக்கள் கையில் இருந்த அறிவு இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் வந்தபோது, வறுமையை விட்டுவிட்டு வருவதாக எண்ணி இதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதை மறந்துவிட்டோமா? கேமரன் மலையில் விற்க வழியின்றிக் காய்கறிகளைக் கொட்டினார்கள். அதே வேளையில் நகரத்தில் நாம் காய்கறிக்கு வரிசையில் நின்றோம். அந்நாளில் சமையலறை வற்றல் மிளகாயிலிருந்து ஒரு நாற்றை எழுப்பத் தெரிந்த வீடுகள் நம்மிடையே எத்தனை இருந்தன?

பெற்றோரே, நாற்று வளர்ப்பு உங்கள் பிள்ளையைக் கூலியாளாக்காது. நாளைக் குறித்தல், உற்றுநோக்கல், எண்ணுதல், தவறினால் மீண்டும் தொடங்குதல். இவை எந்த மருத்துவருக்கும் எந்தப் பொறியியலாளருக்கும் வேண்டியவை.

சாக்குப்போக்குகளுக்கு விடை

1. "நேரமில்லை." நாற்றைப் பார்க்க ஒரு நாளுக்குப் பத்து மணித்துளி போதும். அறிவியல், கணிதம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும், தமிழ்க் கட்டுரை ஆகிய பாடங்களில் ஒரே தட்டைக் கொண்டு வேலை வாங்கலாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு தேர்வைக் காரணம் காட்டினோம். இப்பொழுது எதைக் காட்டுவோம்?

2. "தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு வரும்." உண்மையான கவலை. டிங்கியை விளையாட்டாகக் கருதக்கூடாது. தட்டின்கீழ் நீர் தாங்கும் ஏனம் வைக்காதீர்கள். வைத்தால் நாள்தோறும் கவிழ்த்துவிடுங்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். நாள்தோறும் ஒருவர் பார்க்கும் தட்டைவிட, ஒருவரும் பார்க்காத அலங்காரப் பூந்தொட்டியே பெரிய ஆபத்து.

3. "விடுமுறையில் யார் பார்ப்பது?" நெகிழி நாற்றுத் தட்டைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். ஒரு பிள்ளைக்கு ஆறு குழி. வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். சில திரும்பி வாரா. பரவாயில்லை; திரும்பி வருபவற்றோடு ஒரு கதையும் வரும்.

4. "எங்கள் பள்ளி சிறியது, ஆள் இல்லை." நூற்றைம்பது மாணவர்க்கும் குறைந்த தமிழ்ப்பள்ளிகள் நம் நாட்டில் நிறைய. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு குழி கிடைப்பதே அரிது. சிறிய பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசையே கொடுக்கலாம்.

5. "உழவர்களே நாற்றை வாங்கித்தானே நடுகிறார்கள்?" ஆம். வாங்கட்டும்! அவர்களுக்கு ஒரே சீரான வீரிய நாற்று வேண்டும். தவறினால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும். நாற்றுப் பண்ணை நடத்துவோர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், பள்ளி சந்தைக்குக் காய் அனுப்பும் இடமன்று. எழுத்தாளர்கூடத் தட்டச்சுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அதற்காக நாம் முதலாம் ஆண்டு மாணவனின் எழுத்துப் பயிற்சிக்கு ஆள் வைப்போமா?

6. "செத்துப்போனால் வருகையாளர் என்ன நினைப்பார்?" இதுதான் மெய்யான காரணம். மற்றவை எல்லாம் இதற்குப் போர்த்திய போர்வை. நாம் பிள்ளைகளுக்காகத் தோட்டம் போடவில்லை, பார்வையாளருக்காகப் போடுகிறோம். ஆதலால்தான் தோல்வி நமக்கு வெட்கமாகத் தெரிகிறது.

என் வேண்டுகோள்

தலைமையாசிரியர்களே, தோட்ட அறிக்கையில் 'விதையிட்ட நாள்', 'முளைத்த எண்ணிக்கை', 'இறந்த எண்ணிக்கை' என்று மூன்று கட்டங்களைச் சேருங்கள். மூன்றாம் கட்டம் சுழியமாக இருக்கும் அறிக்கையை ஐயத்தோடு பாருங்கள்! நாற்று வாங்கிய ரசீது இருந்தால், அதை மறைக்காமல் இணையுங்கள். வாங்கிய செடியில் மாணவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

போட்டி நடத்துவோரே, காய்த்துக் குலுங்கும் செடிக்கு மட்டும் பரிசு கொடுக்காதீர்கள். பிள்ளையின் குறிப்பேட்டுக்கும் பரிசு கொடுங்கள். கேள்வியை முதல் இலையிலிருந்து தொடங்குங்கள்.

ஆசிரிய நண்பர்களே, செத்துப்போன தட்டையும் படம் எடுத்து மாட்டுங்கள். என் வகுப்பில் முதல் முறை 104 குழியில் 31 நாற்று மட்டுமே மிஞ்சின. ஈரம் மிகுந்து அழுகிவிட்டன. பிள்ளைகள் அழவில்லை, ஏன் என்று கேட்டார்கள். அடுத்த தட்டுக்கு நீரூற்றும் முறையை அவர்களே வரிசைப்படுத்தி எழுதினார்கள். அந்த ஆண்டில் நான் நடத்திய மிகச் சிறந்த பாடம், நான் நடத்தாத அந்தப் பாடமே.

பெற்றோரே, இன்று மாலையே ஒன்று செய்யுங்கள். சமையலறையில் இருந்து ஒரு வற்றல் மிளகாயை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். விதைகளை உதிர்த்து, அடியில் துளையிட்ட குவளையில் அரை செண்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றச் சொல்லுங்கள். எல்லாம் முளைக்கா, சில முளைக்கும். வீரிய மிளகாயின் விதையானால் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்பதற்கும் உறுதியில்லை. கவலை வேண்டாம். காலை வெயில் படும் இடத்தில் வைத்து, நாளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மாணவி அன்று கேட்ட கேள்விக்கு இன்று இங்கே விடை எழுதிவிட்டேன். ஆம், முதலில் வரும் இலை வேறு மாதிரிதான் இருக்கும். ஆனால், அந்த விடையை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பத்து நாள் பொறுத்தால், அவர்களே ஓடிவந்து உங்களுக்குச் சொல்வார்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!